புவியியல் வகுப்பில் நாட்டைப் பற்றிப் பேச வைப்பது எப்படி? புதிய ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

சமூக அறிவியல் ஆசிரியராகப் புதிதாகப் பள்ளிக்குள் நுழைபவர் ஆறு, மலை, மண், மழை எல்லாம் நடத்த வேண்டும். அதோடு நாட்டுப்பற்று, ஒற்றுமை, சுற்றுச்சூழல் அக்கறை எல்லாம் பிள்ளைகளிடம் வளர வேண்டும் என்று பாட நோக்கங்களிலும் எழுதியிருக்கும். பெரும்பாலும் நடப்பது என்ன? பாடத்தை முடித்துவிட்டுக் கடைசி இரண்டு நிமிடத்தில் "ஆகவே நாம் அனைவரும் ஒற்றுமையாக வாழ வேண்டும்" என்று ஒரு வரி சொல்கிறோம். பிள்ளைகளும் தலையாட்டுகிறார்கள். அன்று மாலை டிவியில் காவிரிச் செய்தி வந்தால் அதே பிள்ளை பக்கத்து மாநிலத்துக்காரர்களைத் திட்டிக்கொண்டிருக்கும்.

இந்த மாதிரி விஷயங்களைப் பிள்ளைகள் தாங்களே பேசி, வாதாடி, கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் மனதில் நிற்கும் என்பது என் உறுதியான கருத்து. அதற்குப் புவியியல் அளவுக்கு வசதியான பாடம் வேறில்லை. வரலாற்றில் நாடு நடந்து முடிந்த கதையாக வருகிறது, குடிமையியலில் சட்டமாக வருகிறது. புவியியலிலோ இன்று காலை குடித்த தண்ணீராகவும், வீட்டில் எரியும் பல்பாகவும், பள்ளி மணி அடிக்கும் நேரமாகவும் வருகிறது. இவையெல்லாம் பலரோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டியவை. பங்கு என்று வந்துவிட்டால் பிள்ளைகளுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

கேள்வியைத் தேடுங்கள்

பாதி வேலை கேள்வியிலேயே இருக்கிறது. "வேற்றுமையில் ஒற்றுமை பற்றி என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டால் கட்டுரைப் போட்டியில் ஒப்பித்ததுதான் திரும்பி வரும். நல்ல கேள்விக்கு இரண்டு மூன்று நியாயமான பதில்கள் இருக்க வேண்டும். வரைபடமோ எண்ணோ பார்த்து வாதாட இடம் இருக்க வேண்டும். அந்தக் கேள்விக்குள் எங்காவது ஒரு மூலையில் அந்தப் பிள்ளையும் நிற்க வேண்டும்.

முதன்முதலில் முயல்பவர்களுக்கு நான் சொல்வது இந்திய நேரம். நம் நாடு கிழக்கு மேற்காக ஏறத்தாழ 29 தீர்க்கக் கோடுகள் அகலம். ஒரு கோட்டுக்கு 4 நிமிடம் என்றால் கிட்டத்தட்ட இரண்டு மணி நேர வித்தியாசம். ஆனால் மிர்சாபூர் வழியாகப் போகும் 82° 30' கிழக்குக் கோட்டை வைத்து எல்லோருக்கும் ஒரே கடிகாரம். அருணாசலப் பிரதேசத்தில் கோடையில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது, குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. குஜராத்தின் மேற்குக் கோடியிலோ சனவரியில் காலை ஏழு மணி தாண்டியும் சூரியன் வருவதில்லை. அசாம் தேயிலைத் தோட்டங்களில் வெள்ளைக்காரர் காலத்திலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் வைத்த 'தோட்ட நேரம்' என்று தனியாகவே ஒன்று உண்டு. இவ்வளவையும் பலகையில் போட்டுவிட்டுக் கேளுங்கள்: "எல்லோருக்கும் ஒரே நேரம் வைத்தது நியாயமா?"

இந்தக் கேள்வியில் யாருக்கும் கோபம் வராது. ஆனால் வாதம் நன்றாகவே சூடு பிடிக்கும். "ரெண்டு நேரம் வெச்சா ரயில் குழம்பிடும் சார்" என்பான் ஒருவன். "அங்க இருக்கிற பிள்ளைங்க இருட்டுல வீட்டுக்குப் போகணுமா?" என்பாள் இன்னொருத்தி. ஒரு நாடாக இருப்பதற்காக யார் எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்ற விஷயம் அந்தச் சொற்கள் எதுவும் இல்லாமலேயே வகுப்புக்குள் வந்துவிடும். மின்சாரப் பாடம் வரும்போது இதோடு இணைத்துக்கொள்ளலாம். தென்மாநில மின்தொகுப்பு (மாநிலங்களை இணைக்கும் மின்தட வலை) 2013 டிசம்பர் 31 அன்றுதான் ராய்ச்சூர்–சோலாப்பூர் தடம் வழியாக மற்ற தொகுப்புகளோடு முழுதாக இணைந்தது. அதன் பிறகு ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுழலும் காற்றாலையும் வடக்கில் ஓடும் அனல்மின் நிலையமும் ஒரே அலைவெண்ணில் இயங்குகின்றன.

வரைபடத்தைத் தயார் செய்யுங்கள்

வரைபடம் இல்லாமல் உரையாடலைத் தொடங்காதீர்கள். கையில் வரைபடம் இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் அது வெறும் பட்டிமன்றமாகிவிடும். இரண்டு பேருக்கு ஒன்று என்ற கணக்கில் அட்லஸோ, ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் வெறும் புறவரி வரைபடமோ போதும். அதோடு மூன்று நான்கு எண்கள். அதற்கு மேல் கொடுத்தால் எண்ணைப் படிப்பதிலேயே நேரம் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் கிடைத்த இந்திய வரைபடத்தை அப்படியே அச்சடித்துக் கொடுக்காதீர்கள். இந்திய நில அளவைத் துறை வெளியிடும் வரைபடத்தின் எல்லையையே பயன்படுத்துங்கள். அதற்கு மாறான எல்லையோடு வரைபடம் வெளியிடுவது நம் சட்டப்படி தண்டனைக்குரியது. அப்படியும் ஒரு பிள்ளை போனில் வேறு மாதிரி புள்ளிக்கோடு பார்த்துவிட்டு வந்து காஷ்மீர் பற்றிக் கேட்கும். மழுப்ப வேண்டாம். இந்தியா சட்டப்படி தன் எல்லையாகக் கொள்வது இது, தரையில் கட்டுப்பாட்டுக் கோடு போவது இப்படி, அதனால்தான் வெளிநாட்டு வரைபடங்களில் வேறு மாதிரி இருக்கிறது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். உண்மையைத் தெளிவாகச் சொல்லும் ஆசிரியரிடம்தான் பிள்ளைகள் அடுத்த கேள்வியைக் கொண்டு வருவார்கள்.

வரைபடம் என்பது மனிதர்கள் நடந்து அளந்து வரைந்தது என்பதையும் சொல்லலாம். துணைக்கண்டத்தையே அளந்த மாபெரும் முக்கோண அளவையின் முதல் அடிக்கோடு, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான நேர்க்கோடு, 1802-ல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம்தான் சங்கிலி போட்டு அளக்கப்பட்டது. சென்னைப் பிள்ளைகள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

முதல் பத்து நிமிடம்

கேள்வியைப் பலகையில் எழுதியதும் கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். கை தூக்கும் நான்கைந்து பேர் யாரென்று உங்களுக்கும் தெரியும், வகுப்புக்கும் தெரியும். மூன்று நிமிடம் எல்லோரும் நோட்டில் இரண்டு வரி எழுதட்டும். அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு பேசட்டும். பிறகுதான் மொத்த வகுப்பும். பேசத் தயங்கும் பிள்ளைக்கு எழுதி வைத்த இரண்டு வரி பெரிய தைரியம். "நீ எழுதினதை மட்டும் படி" என்றால் போதும்.

கேள்வி கேட்டபின் காத்திருங்கள். புதியவர்களுக்கு இதுதான் கடினம். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு சுமார் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேச ஆரம்பித்தார்கள். மூன்று நொடி மௌனம் மேசைக்கு முன் நிற்பவருக்கு மூன்று நிமிடம் மாதிரி இருக்கும். மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

பதில் வந்ததும் "வெரி குட்" சொல்லும் பழக்கத்தையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீங்கள் வெரி குட் சொன்ன பதிலோடு பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பதில் "ஏன் அப்படிச் சொல்ற?", "மேப்புல காட்டு", "இதை ஒத்துக்காதவங்க யாரு?", "அவன் சொன்னதை உன் வார்த்தையில சொல்லு" என்று கேளுங்கள். இந்த நான்கை அட்டையில் எழுதி மேசையில் ஒட்டி வைத்துக்கொண்டாலும் தவறில்லை.

காவிரிப் பாடம் எப்படிப் போகும்?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தமிழ்நாட்டு வகுப்பறையில் நாடு என்ற பேச்சு உண்மையாகவே சோதிக்கப்படும் இடம் காவிரிதான்.

கேள்வி: "காவிரித் தண்ணீர் யாருடையது?"

முதல் பதில் எந்தப் பள்ளியிலும் ஒன்றாகத்தான் இருக்கும். "நம்மளோடது சார். அவங்கதான் தர மாட்டேங்கிறாங்க."

அதைத் திருத்தாதீர்கள். "அவங்கன்னா யாரு? மேப்புல காட்டு" என்று கேளுங்கள். பையன் எழுந்து வந்து கர்நாடகத்தின் மேல் உள்ளங்கையை வைப்பான். "மொத்த மாநிலமுமா? காவிரி எந்த வழியா வருது, விரலால போ." குடகு மலையில் தலைக்காவிரி, கிருஷ்ணராஜ சாகர், மண்டியா, பிலிகுண்டுலு, மேட்டூர் என்று விரல் இறங்கும். "இந்த வழியில யார் யார் தண்ணி எடுப்பாங்க?" கரும்பு போடுபவர்கள், நெல் போடுபவர்கள், மைசூர்க்காரர்கள். அப்போது ஒரு பெண் "எங்க மாமா பெங்களூர்ல வேலை பாக்கறாரு" என்பாள். வகுப்புக்கு ஒருவருக்காவது பெங்களூரில் மாமாவோ அண்ணனோ இருப்பார்கள். "சரி, உங்க மாமா வீட்டுக் குழாய்ல வர்ற தண்ணி எந்த ஆறு?" பெங்களூரின் குடிநீரில் பெரும்பகுதி காவிரியிலிருந்து போகிறது. அந்த இடத்தில் 'அவங்க' என்ற சொல் வகுப்பில் கொஞ்சம் தயங்கும். நீங்கள் எதுவும் சொல்லத் தேவையில்லை. அடுத்த பேச்சுக்குக் காத்திருங்கள்.

இப்போது எண்களைக் கொடுங்கள். காவிரி நடுவர் மன்றம் 2007-ல் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. என்று சொன்னது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதை 404.25 ஆக்கியது. கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. குறைந்த 14.75-ல் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் தேவைக்காக. தமிழ்நாட்டு டெல்டாவில் நிலத்தடி நீர் இருப்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. "இது நியாயமா?" என்று கேட்டு வகுப்பை நான்கு குழுவாகப் பிரியுங்கள்: மண்டியா விவசாயி, தஞ்சாவூர் விவசாயி, பெங்களூர்க் குடும்பம், காரைக்கால் விவசாயி. ஒவ்வொரு குழுவும் தன் தரப்பைச் சொன்ன பிறகு, இடம் மாறி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தைச் சொல்ல வேண்டும். இந்த இடமாற்றத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். தஞ்சாவூருக்காகத் தொண்டை வறளப் பேசிய பையன் மண்டியாவுக்காகப் பேசும்போதுதான் மழை பொய்த்த வருடத்தில் அங்கேயும் பயிர் காயும் என்பது அவன் வாயாலேயே வரும்.

காரைக்கால் குழுவில்தான் பெரிய திருப்பம் இருக்கிறது. புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால், ஆற்றின் போக்கில் தமிழ்நாட்டுக்கும் கீழே, கடலோரத்தில் இருக்கிறது. அவர்களுக்குப் போகும் தண்ணீர் நம் டெல்டா வழியாகத்தான் போக வேண்டும். "காரைக்காலுக்கு மேல இருக்கிற 'அவங்க' யாரு?" என்று கேளுங்கள். "நாம... நாமதான் சார்" என்று பதில் இழுத்து இழுத்து வரும்.

நேரம் இருந்தால் இன்னும் ஒன்று கேளுங்கள். சென்னைக்குக் கிருஷ்ணா நதிநீர் வருகிறது. 1976-ல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தலா 5 டி.எம்.சி. விட்டுக்கொடுக்க ஒத்துக்கொண்டதால் வந்த திட்டம் அது. 1996-ல் கண்டலேறு கால்வாய் வழியாக முதன்முதலில் தண்ணீர் வந்து சேர்ந்தது. காவிரியில் நம்மோடு வழக்காடும் கர்நாடகம் கிருஷ்ணாவில் சென்னையின் குடிநீருக்காகத் தன் பங்கில் ஒரு பகுதியைக் கொடுத்திருக்கிறது. இரண்டும் உண்மை. பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து யோசிக்கட்டும். மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆற்று நீர் தேசத்தின் சொத்து, எந்த ஒரு மாநிலமும் தனக்கே உரியது என்று சொல்ல முடியாது என்று 2018 தீர்ப்பு கூறியதை இந்த இடத்தில் வாசித்துக் காட்டுங்கள். முதலிலேயே வாசித்தால் அது இன்னொரு மனப்பாட வரியாகப் போய்விடும்.

கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று நான்கு பங்கையும் கூட்டி 726 என்று சொல்லும். பங்கிட்ட மொத்த நீர் 740 டி.எம்.சி. என்று நீங்கள் சொல்வீர்கள். மீதி 14? அதில் 10 டி.எம்.சி. சுற்றுச்சூழலுக்கு, 4 தவிர்க்க முடியாமல் கடலில் சேர்வதற்கு. "ஆத்துக்கும் ஒரு பங்கு உண்டா?" என்ற கேள்வி அங்கிருந்து கிளம்பும். காடு, ஏரி, ஆறு, வன உயிர்களைக் காப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று சொல்லும் அரசமைப்புச் சட்டப் பிரிவு 51அ-வைத் திறக்க இதைவிடப் பொருத்தமான நேரம் கிடைக்காது.

கவனமாக நடக்க வேண்டிய இடங்கள்

வெளிமாநிலப் பிள்ளைகள். திருப்பூர், கோவை, சென்னைப் புறநகர்ப் பள்ளிகளில் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள் இப்போது சாதாரணம். "எங்கே, உங்க ஊரைப் பத்திச் சொல்லு" என்று அந்தப் பிள்ளையை மட்டும் எழுப்பி நிறுத்தாதீர்கள், கூசிப்போகும். எல்லோரிடமும் "உங்க வீட்ல யாராவது வேலைக்காக வேற ஊருக்குப் போயிருக்காங்களா?" என்று கேளுங்கள். துபாய், பெங்களூர், சூரத், சிங்கப்பூர் என்று வரும். சுவர் வரைபடத்தில் ஆளுக்கொரு நூல் ஒட்டட்டும். ஒடிசாவிலிருந்து வந்த நூலும் அதில் ஒன்றாக இருக்கும். நாட்டுக்குள் எங்கும் போகவும் எங்கும் குடியிருக்கவும் அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு உரிமை தருகிறது என்பதை அந்த நூல்களைக் காட்டியே சொல்லிவிடலாம்.

ஊர் வரைபடம். சொந்த ஊரை வரையச் சொல்வது அருமையான பயிற்சி, ஆனால் முன்யோசனை இல்லாமல் செய்யக்கூடாது. ஊரும் காலனியும் தனித்தனியாக இருக்கும் கிராமத்தில் பிள்ளை போடும் முதல் கோட்டிலேயே சாதி வந்து நிற்கும். நீங்கள் முதலில் ஊரை ஒருமுறை சுற்றி வாருங்கள். யார் எந்தத் தெரு என்று வகுப்பில் சொல்ல வைக்கவே வேண்டாம். பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, மேல்நிலைத் தொட்டி, பள்ளி, சுடுகாடு இவற்றைக் குறிக்கச் சொல்லி, "ரேஷன் கடைக்கு யார் ரொம்ப தூரம் நடக்கணும்? தண்ணி எந்தப் பக்கம் கடைசியா வருது?" என்று தூரத்தையும் வசதியையும் பற்றிக் கேளுங்கள். ஒரு பிள்ளை தானாகவே "எங்க தெருவுக்கு மட்டும் லைட் இல்ல சார்" என்று சொன்னால் பேச்சை வெட்டாதீர்கள், நன்றாகக் கேளுங்கள். தீண்டாமை குற்றம் என்று பாடநூலின் முன்பக்கத்தில் அச்சிட்டிருப்பதும் அரசமைப்பின் 17-ஆம் பிரிவும் அந்தப் பிள்ளைக்காகத்தான் இருக்கின்றன. சமத்துவம் பற்றி எத்தனை பேசினாலும் இந்த இடத்தில் ஆசிரியர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைத்தான் பிள்ளைகள் கவனிப்பார்கள்.

வகுப்பில் ஒரு இனத்தையோ மாநிலத்தையோ மதத்தையோ இழிவாக யாராவது பேசினால் உடனே நிறுத்துங்கள். கத்த வேண்டாம். "அந்த ஊர்ப் பிள்ளை இங்க உட்கார்ந்திருந்தா இதையே சொல்லுவியா? உன் கருத்தைத் திட்டாம சொல்லு" என்று திரும்பச் சொல்ல வையுங்கள். "நீங்க எந்தக் கட்சி சார்?" என்று யாராவது கேட்டால் "என் கட்சி இந்த வகுப்புக்குத் தேவையில்லை" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள்.

மதிப்பெண்ணும் நேரமும்

போர்ஷன் முடிக்க வேண்டுமே என்ற கவலை நியாயமானது, அதிலும் பத்தாம் வகுப்பில். எல்லாப் பாடத்திலும் இதைச் செய்ய வேண்டியதில்லை. ஒரு அலகுக்கு ஒரு உரையாடல், இருபது நிமிடம். காவிரிக்கு மட்டும் ஒரு முழுப் பீரியடை ஒதுக்குங்கள். அந்த வகுப்பில் புழங்கிய எண்களையும் இடங்களையும் தேர்வுக்குத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது என்பதால், போன நேரம் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

பிள்ளையின் நாட்டுப்பற்றுக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் உங்களுக்குப் பிடித்ததை எழுதுவார்கள். காரணம் சொன்ன விதத்துக்கு மட்டும் போடுங்கள்: எண்ணைச் சரியாகப் பயன்படுத்தினார்களா, வரைபடத்தைக் காட்டினார்களா, எதிர்த்தரப்பைத் திரிக்காமல் சொன்னார்களா. கடைசி ஐந்து நிமிடம் நோட்டில் மூன்று வரி எழுத வையுங்கள். முதலில் என்ன நினைத்தேன், இப்போது என்ன நினைக்கிறேன், எது என்னை மாற்றியது அல்லது மாற்றவில்லை. "நான் மாறவில்லை" என்று காரணத்தோடு எழுதும் பிள்ளைக்கும் முழு மதிப்பெண் உண்டு. இதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

வரிசையையும் யோசித்து வையுங்கள். முதல் பருவத்தில் நேரக் கேள்வியும் மின்தொகுப்பும். வகுப்பு பேசிப் பழகியதும் காவிரி. அதற்கப்புறம் ஊர் வரைபடம். எல்லைப் பாடத்தில் 2015-ல் இந்தியாவும் வங்கதேசமும் 162 திட்டுநிலங்களை (ஒரு நாட்டுக்குள் சிக்கியிருந்த மற்ற நாட்டின் சிறு நிலப்பகுதிகளை) மாற்றிக்கொண்டதையும், அங்கே வாழ்ந்தவர்கள் எந்த நாட்டுக் குடிமக்களாக இருப்பது என்று தாங்களே தேர்ந்தெடுத்ததையும் எடுத்துக்கொள்ளலாம். "நீ அங்க இருந்திருந்தா எதை வெச்சு முடிவு பண்ணியிருப்ப?" என்ற கேள்விக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளையே ஆழமாகப் பதில் சொல்லும். கடலோரப் பள்ளியில் இருப்பவர்களை கச்சத்தீவும் பாக் நீரிணை மீன்பிடியும் தேடி வரும். அதில் இலங்கையோடு செய்த 1974, 1976 ஒப்பந்தங்கள் இருக்கின்றன, பிடிபட்ட அப்பாக்களின் வேதனை இருக்கிறது, நம் படகுகளின் இழுவலையால் வலை அறுபடும் யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவர்களின் பக்கமும் இருக்கிறது. வகுப்பில் அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளையோ, அப்பா சிறையில் இருக்கும் பிள்ளையோ இருக்கலாம். அந்தப் பாடத்துக்கு முன் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். முதல் வருடமே தொட வேண்டாம், இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.